வில்லனைப் பேச விடுங்கள்

கடந்த பத்து வருஷத்தில் வந்த தமிழ் த்ரில்லர் போஸ்டர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும். தொப்பி வைத்த கோட்டில் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். கையில் சுத்தியல், அல்லது கத்தி, அல்லது கழுத்தறுந்த பொம்மை. கீழே ஏதோ ஒரு கோடியில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண்பிள்ளை. டிரெய்லர் வந்த அன்றைக்கே ‘வில்லன் வேற லெவல்’ என்று ஆரம்பித்துவிடுவோம்.

படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஒரு சின்னப் பரிசோதனை செய்துபாருங்கள். அந்த வேற லெவல் வில்லன் படத்தில் என்ன சொன்னான்? அவன் என்ன செய்தான் என்பது ஞாபகம் இருக்கும். பொம்மை, பரிசுப்பெட்டி, பின்னணி இசை எல்லாம் ஞாபகம் இருக்கும். அவன் சொன்னது என்று ஒன்றும் இருக்காது. ஏனென்றால் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அவனுக்காக இடைவேளைக்குப் பிறகு ஒரு பத்து நிமிஷ ஃப்ளாஷ்பேக் பேசியது, அவ்வளவுதான்.

என் புகார் இதுதான். தமிழ் த்ரில்லர் தன் வில்லனின் வாயை அடைத்துவிட்டு, அவன் கையில் ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்திருக்கிறது. இது ரசனைக் குறைவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

த்ரில்லர் என்றாலே முகம் சுளிக்கும் இலக்கியவாதிகளின் பக்கம் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்களில்தான் என் தலைமுறையில் பலர் முழுப் புத்தகம் படிக்கவே பழகினோம். ‘அடுத்து என்ன ஆகும்’ என்று ஒருவரைப் பக்கம் புரட்ட வைப்பது லேசான வேலை இல்லை. அந்த வேலையை மதிப்பதால்தான் இந்தச் சண்டை. இன்னொன்று, கீழே நான்கைந்து படங்களின் முடிவைச் சொல்லப்போகிறேன். ‘ஸ்பாய்லர் சொல்லாதீங்க’ என்று பதறுகிறவர்களிடம் ஒரு கேள்வி: முடிவு தெரிந்தவுடன் செத்துப்போகிற கதைக்கு உயிர் எவ்வளவு இருந்திருக்கும்?

முடிவு எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் தாண்டிச் செங்கல்பட்டு போகும் சாலையில் பழையசீவரம் என்று ஓர் ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்தின் கரையில் ஒரு சிறிய குன்று, அதன்மேல் லட்சுமி நரசிம்மர். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக இந்தக் குன்றுக்கு வருகிறார். வேட்டைக்குப் பெயர் போன குன்றின்மேல் உட்கார்ந்திருப்பவரோ வேட்டையை முடித்தவர். கோபம் தணிந்து, மடியில் லட்சுமியோடு இருக்கிறார். அதாவது, நம் மொழியில் சொன்னால், கிளைமாக்ஸ் முடிந்தபிறகு வரும் காட்சி. அந்தக் கிளைமாக்ஸ் அங்கே படியேறும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். தூண் பிளக்கும், சிங்கம் வரும், இரணியன் சாவான். தெரிந்தும் ஏன் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

முதல் காரணம், இரணியன் முட்டாள் இல்லை. அவன் வாங்கிய வரத்தை ஒரு சாஃப்ட்வேர்காரன் கண்ணால் பாருங்கள். மனிதனால் சாகக் கூடாது, மிருகத்தால் சாகக் கூடாது. பகலில் கூடாது, இரவில் கூடாது. உள்ளே கூடாது, வெளியே கூடாது. பூமியில் கூடாது, ஆகாயத்தில் கூடாது. ஆயுதம் எதனாலும் கூடாது. எல்லாப் பக்கமும் அடைத்த ஒரு ஸ்பெசிஃபிகேஷன் இது. இதை உடைக்க வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவே இருக்கும் எல்லைக்கோட்டில்தான் வழி தேட வேண்டும். அந்திப்பொழுது, வாசற்படி, மடி, நகம், பாதி சிங்கம் பாதி மனிதன். டெஸ்டிங் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தவறு ஒளிந்திருப்பது எப்போதும் இந்த எல்லைகளில்தான். பூட்டிய அறைக்குள் கொலை நடக்கும் மர்மக் கதைகள் எதற்கும் இது சளைத்ததில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். இரணியன் பேசுகிறான். கடவுள் எங்கே என்று கேட்கிறான். தூணில் இருக்கிறானா, காட்டு என்கிறான். ஆதாரம் கேட்கும் இந்தக் கேள்வி ஒரு வில்லன் கேட்டதாலேயே தப்பான கேள்வி ஆகிவிடவில்லை. அவன் தூணை அறைகிற நொடியில் சஸ்பென்ஸ் எதில் இருக்கிறது? ‘யார் வரப்போகிறார்’ என்பதில் இல்லை, அது தெரியும். ‘இந்தக் கேள்விக்கு என்ன பதில்’ என்பதில் இருக்கிறது. கம்பன் இதைச் சரியாகப் பிடித்தான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்துக்குள் கொண்டுவந்தான். அப்பனும் பிள்ளையும் வாதம் செய்கிறார்கள். அந்தக் கதையை வீடணன் சொல்வது யாரிடம்? இராவணனிடம். ஒரு வில்லனின் கதையை இன்னொரு வில்லனுக்குச் சொல்லி எச்சரிக்கிறார்கள், அவன் கேட்டும் திருந்தவில்லை. இதைவிடப் பெரிய த்ரில் எங்கே இருக்கிறது?

அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து, 1934-இல் பாரதிதாசன் அதே ஆளை எடுத்துக் கதாநாயகன் ஆக்கி ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ என்று நாடகம் எழுதினார். நரசிம்மரைக் கும்பிடுகிறவருக்கு அது கோபத்தை உண்டாக்கலாம். ஆனால் அப்படி ஒரு நாடகம் எழுத முடிந்தது என்பதே இரணியனின் தகுதி. மறக்கமுடியாத வில்லனுக்கு நான் வைக்கும் ஒரே பரீட்சை இதுதான்: அவன் பக்கம் நின்று இன்னொருத்தன் ஒரு நாடகம் எழுத முடியுமா? இராவணனுக்கு முடியும், முடிந்தது. துரியோதனனுக்கு முடியும். ‘ராட்சசன்’ கிறிஸ்டோபருக்கு? எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் தாண்டாது. அவன் தரப்பு என்று ஒன்று இல்லை. அவனுக்கு இருப்பது ஒரு நோய்.

தமிழ் சினிமாவுக்கு இது தெரியாமல் இல்லை. 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளில் ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறான். விசாரணை முடியும்போது தெரிகிறது, செத்தவன்தான் துரோகி, சுட்டது மனைவி. துரோகியாக நடித்தவர் சிவாஜி கணேசன். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்று அவன் பேசும்போது நமக்கே ஒரு நிமிஷம் சரிதானோ என்று தோன்றும். அந்த ஒரு நிமிஷம்தான் படம். கம்பெனி மதிக்கவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு ராஜினாமா கடிதம் டைப் செய்யும் எந்த இன்ஜினியருக்கும் அந்தக் குரல் அந்நியமானதில்லை.

1978-இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. பாரதிராஜா, கமல், நல்ல படம். ஆனால் ஒரு கதவையும் அது திறந்துவிட்டது. திலீப் ஏன் பெண்களைக் கொல்கிறான் என்பதற்குப் பதில் அவன் சின்ன வயசில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் பெரிய டிராஃபிக். 2018-இல் ‘ராட்சசன்’ அதன் உச்சம். சிறு வயதிலேயே முதுமைத் தோற்றம் தரும் நோய் உள்ள ஒரு பையன், கூடப்படிப்பவர்களால் அவமானப்படுத்தப்படுகிறான், வளர்ந்து பள்ளிச் சிறுமிகளை வேட்டையாடுகிறான். படம் கச்சிதமாக எடுக்கப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. சீட்டு நுனியில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தக் கச்சிதம் நமக்கு எதைப் பழக்குகிறது?

ஒன்று, வித்தியாசமாக இருக்கிறவனைப் பார்த்துப் பயப்படப் பழக்குகிறது. வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும், உடம்பில் ஏதோ குறை உள்ள, கேலி செய்யப்படும் பையன் நாளைக்குக் கொலைகாரன் ஆவான் என்கிறது. ‘சைக்கோ’ என்ற சொல் இன்று நம் தெருவில் ஒரு வசவு. மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் படங்கள் அதைத் தலைகீழாகச் சொல்கின்றன. மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டிய ஒருத்தர் ‘என்னையும் அப்படிச் சொல்லிடுவாங்க’ என்று டாக்டரிடம் போகாமல் இருந்தால், அந்தப் பயத்தில் நம் விசில் சத்தமும் இருக்கிறது.

இரண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கப் பழக்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவர். வருஷம் மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அந்த ஆள் மழையில் கோட் போட்டு நிற்பதில்லை. வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு’ என்று நாமே பிள்ளையைக் கூப்பிடுகிறோம். த்ரில்லர் நம்மை இருட்டைப் பார்க்கச் சொல்கிறது. நம் வீட்டிலோ எல்லாம் டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கிறது.

‘வில்லனைப் பேசவிட்டால் ஜனங்கள் அவன் பின்னாடி போயிடுவாங்களே’ என்று ஒரு பதில் வரும். நியாயமான பயம்தான். 2015-இல் ‘தனி ஒருவன்’ வந்தபோது சித்தார்த் அபிமன்யுவை எவ்வளவு பேர் கொண்டாடினார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தைக் கவனியுங்கள். சித்தார்த்துக்கும் சிறுவயதுக் காட்சி இருக்கிறது. அதில் அவன் அடிபடவில்லை. இன்னொருத்தர் செய்த கொலையைத் தன்மேல் போட்டுக்கொண்டு, பதிலுக்கு அப்பாவுக்கு எம்எல்ஏ சீட் கேட்கிறான். அவனை உருவாக்கியது காயம் இல்லை, பேரம். வளர்ந்தபிறகு பத்மஸ்ரீ வாங்குகிறான், கோட் சூட்டில் பேப்பரில் சிரிக்கிறான். கொண்டாடினோம், சரி. கூடவே, பேப்பரில் சிரிக்கும் கோட் சூட்டுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவும் அந்தப் படம் சொல்லிக்கொடுத்தது. 2017-இல் ‘விக்ரம் வேதா’வில் வேதா தானாகவே வந்து சரணடைந்து கதை சொல்கிறான். ஒவ்வொரு கதையின் முடிவிலும் போலீஸ்காரன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று. என்கவுன்டர் செய்பவனுக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது. கைதட்டுகிற நமக்கும் தேவைப்பட்டது.

பயப்படுகிறவர்கள் ஒருமுறை கூத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாலாறு, செய்யாறு தாண்டினால் புரிசை மாதிரிக் கூத்துக்குப் பேர்போன ஊர்கள் இருக்கின்றன. திரைபிடித்துத் துரியோதனன் வருவான். கட்டியக்காரன் நீ யார் என்று கேட்பான். ராத்திரி முழுக்க அவன் தன் பெருமையை, தன் நியாயத்தைப் பாடுவான், ஆடுவான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் சாவுக்கு ஒப்பாரியும் உண்டு. ஆனால் அத்தனை ஜனமும் பார்க்க வந்தது பாஞ்சாலி கூந்தல் முடிவதை. எதிரிக்காக அழுதுவிட்டு அவன் தோல்வியைக் கும்பிடத் தெரிந்த ஜனம் இது. இவர்களுக்கு வில்லன் பேசினால் புத்தி கெட்டுவிடும் என்று ஏசி அறையில் உட்கார்ந்து ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை.

‘கொலைகாரன் இல்லாவிட்டால் த்ரில் எங்கிருந்து வரும்’ என்பது அடுத்த கேள்வி. மறுபடி சீவரம் குன்றுக்கே வாருங்கள். மேலே நின்றால் பாலாறு தெரியும். அகலமான ஆறு, ஆற்றில் இருந்த மணல் பெரும்பகுதி இப்போது ஆற்றில் இல்லை. இது ஒரு குற்றம்தானே? உடல் கண்முன்னே கிடக்கிறது. வருஷக்கணக்காக, லாரி லாரியாக நடந்திருக்கிறது. இதில் யார் வில்லன்? லாரி ஓட்டியவனா, ரசீது போட்டவனா, பார்த்தும் பார்க்காமல் போன அதிகாரியா? ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேளுங்கள். ஒவ்வொருத்தரும் நன்றாகவே பேசுவார்கள். ‘நான் ஓட்டலைன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்’ என்பார் ஒருவர். ‘மேலேர்ந்து சொன்னாங்க’ என்பார் இன்னொருவர். கடைசியில் ஒரு குரல், ‘உங்க வீடு எதுல கட்டுனது சார்?’ என்று கேட்கும். ஓஎம்ஆரில் இருபது வருஷக் கடன் போட்டு ஃப்ளாட் வாங்கிய என் தலைமுறையிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் நொடியில் தியேட்டரில் ஓர் அமைதி வருமே, அதுதான் சஸ்பென்ஸ்.

சைக்கோ வில்லன் நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பதும் இங்கேதான் புரிகிறது. அவன் நம்மைக் கேள்வி கேட்க மாட்டான். அவன் நோயாளி, நாம் ஆரோக்கியமானவர்கள். அவனுக்கு ஃப்ளாஷ்பேக் இருக்கிறது, நமக்கு இல்லை. அவனைச் சுட்டுக் கொன்றதும் ஊர் சுத்தமாகிவிடும், நாம் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டரை மணி நேரப் பயத்துக்குக் கூலியாக நாம் வாங்கிப் போவது ‘நான் அவன் இல்லை’ என்கிற நிம்மதி. பேசுகிற வில்லன் அந்த நிம்மதியைத் தரமாட்டான். அவன் சொல்வதில் பாதி நாம் மனசுக்குள் என்றைக்கோ சொன்னதாக இருக்கும். பயமுறுத்த வேண்டியது அந்தப் பாதிதான்.

அதனால் த்ரில்லர் எழுதும், எடுக்கும் என் வயசுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கதையில் அந்தக் கோட்டைக் கழற்றுங்கள். பொம்மையைக் கீழே வையுங்கள். பத்து நிமிஷ ஃப்ளாஷ்பேக்கை வெட்டிவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தையும் அவனிடமே கொடுங்கள். உட்கார்ந்து பேசட்டும், தன் பக்கத்தைச் சொல்லட்டும், கேள்வி கேட்கட்டும். அவனுக்குப் பதில் சொல்ல உங்கள் ஹீரோவால் முடியவில்லை என்றால், துப்பாக்கியைக் கொடுத்துத் தப்பிக்காதீர்கள். ஹீரோவைத் திருத்தி எழுதுங்கள்.