கோச்சை மாற்றினால் போதுமா? நியூயார்க் ஜெட்ஸ் 2024-ல் சறுக்கியது எங்கே?

2024 அக்டோபர் 6, லண்டன். மினசோட்டா வைக்கிங்ஸிடம் 23-17 என்ற கணக்கில் தோற்றது நியூயார்க் ஜெட்ஸ். இரண்டாவது நாளே ஹெட் கோச் ராபர்ட் சாலேவின் வேலை போனது.

அமெரிக்க ஃபுட்பாலின் என்எஃப்எல் தொடரில் ஒரு சீசனுக்கு 17 ஆட்டங்கள். அப்போது முடிந்திருந்தது வெறும் 5. அதில் ஜெட்ஸுக்கு 2 வெற்றி, 3 தோல்வி. அதே பிரிவில் முன்னால் இருந்த பஃபலோ பில்ஸ் 3 வெற்றி, 2 தோல்வி. ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம். இதுக்கா இவ்வளவு அவசரம்?

2010 சீசனுக்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போகாத அணி இது. ஓனர் வுடி ஜான்சனின் பொறுமை தீர்ந்துபோனது புரிகிறது. சாலேவின் கணக்கும் பெருமைப்படும்படி இல்லை. 2021 முதல் 20 வெற்றி, 36 தோல்வி. அதற்காக அவரை நீக்கியிருந்தால், அந்த சீசன் தொடங்கும் முன்பே செய்திருக்கலாம்.

சாலே டிஃபென்ஸ் ஆள். அந்த முதல் 5 ஆட்டங்களில் ஜெட்ஸ் விட்டுக்கொடுத்தது 85 பாயின்ட், அதாவது ஆட்டத்துக்கு 17. அந்த லீக்கில் இது நல்ல கணக்கு. பிரச்சினை அட்டாக்கில் இருந்தது. டென்வர் பிராங்கோஸுடன் 10-9 என்று தோற்ற ஆட்டத்தில் ஒரு டச் டவுன்கூட இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதுதான் நடந்தது.

அட்டாக்கை நடத்தியது குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ். ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். நான்கு முறை எம்விபி. கிரீன் பே பேக்கர்ஸிலிருந்து 2023-ல் ஜெட்ஸுக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் நான்காவது முறை பந்தைத் தொட்டபோதே குதிகால் தசைநார் கிழிந்தது. அந்த சீசன் அத்தோடு காலி. 2024-ல் திரும்பியபோது 40 வயது.

சும்மா சொல்லக்கூடாது, அவர் மோசமாக ஆடிவிடவில்லை. 28 டச் டவுன் எறிந்தார். ஆனால் அணியை அவரைச் சுற்றியே கட்டியதுதான் கோளாறு. அட்டாக் கோச் நத்தானியல் ஹாக்கெட், கிரீன் பேயில் அவரோடு இருந்தவர். ஆலன் லசார்டும் அங்கிருந்து வந்தவர்தான். சாலே போன கையோடு, இன்னொரு பழைய தோழர் தவாந்தே ஆடம்ஸையும் லாஸ் வேகஸிலிருந்து வாங்கினார்கள். ராட்ஜர்ஸ் இளமையாக இருந்த காலத்தை விலைக்கு வாங்கப் பார்த்த மாதிரி இருந்தது. சாலே நீக்கத்தில் தனக்குப் பங்கில்லை என்று ராட்ஜர்ஸ் மறுத்தார். அது உண்மையாகவே இருக்கட்டும். ஹாக்கெட்டிடமிருந்து ஆட்டத்தை அழைக்கும் பொறுப்பை மட்டும் பறித்தார்கள், வேலை மிஞ்சியது. அட்டாக் சரியில்லாத அணியில் டிஃபென்ஸ் கோச் வெளியே, அட்டாக் கோச் உள்ளே!

அப்புறம் என்ன ஆச்சு? டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெஃப் உல்பிரிக் தற்காலிக ஹெட் கோச் ஆனார். இரண்டு வேலையும் ஒருவர் தலையில். மீதி 12 ஆட்டங்களில் ஜெட்ஸ் விட்டுக்கொடுத்தது 319 பாயின்ட், ஆட்டத்துக்கு 26-க்கும் மேல். உருப்படியாக இருந்த ஒரே பகுதியும் போச்சு.

அதிர்ஷ்டமும் கை கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பில்ஸிடம் 3 பாயின்ட்டில் தோற்ற ஆட்டத்தில் கிக்கர் கிரெக் ஸுயர்லைன் இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். ஒவ்வொன்றும் 3 பாயின்ட்! இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் 28-27. மயாமி டால்ஃபின்ஸிடம் ஓவர் டைமில் தோல்வி. ஆனால் அரிசோனாவிடம் 31-6, பில்ஸிடம் மறுபடி 40-14 என்று அடிவாங்கியதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. நவம்பரில் ஜெனரல் மேனேஜர் ஜோ டக்ளஸையும் நீக்கினார்கள். சாலே போன பிறகு 3 வெற்றி, 9 தோல்வி. மொத்தம் 5-12.

கடைசி ஆட்டத்தில் டால்ஃபின்ஸை 32-20 என்று ஜெட்ஸ் வென்றது. ராட்ஜர்ஸ் தன் 500-வது டச் டவுனை எறிந்ததும் அன்றுதான். அடுத்த மாதமே, அவர் வேண்டாம் என்று ஜெட்ஸ் அறிவித்துவிட்டது.

அதற்குள் புது ஹெட் கோச்சும் வந்தாச்சு. பெயர் ஆரோன் க்ளென், டெட்ராய்ட் லயன்ஸில் இருந்தவர். அங்கே அவர் பார்த்த வேலை? டிஃபென்ஸ்.