மனப்பாடம் வேண்டாம், மாவுக் கணக்கு போதும்

நமது சங்கத்தில் ஆண்டுதோறும் ஒரு வழக்கம் உண்டு. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற பெரிய இடங்களில் சேர்ந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். நானும் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். ஆனால் நேர்முகத் தேர்வு வரை போய், இடம் கிடைக்காமல் திரும்பிய பிள்ளைகள் அதே மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. சென்ற ஆண்டு அப்படிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் என் தங்கை மகன். அவன் அங்கே உட்கார்ந்ததில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

விவரம் அறியாத பெற்றோருக்காக முதலில் சில வார்த்தைகள். எம்.பி.ஏ. படிப்புக்குப் பெயர் பெற்ற ஐ.ஐ.எம். நிறுவனங்கள் 1961ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கின. இன்று நாடெங்கும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. திருச்சியில் 2011ல் ஒன்று வந்தது. இவற்றில் சேர நவம்பர் கடைசியில் 'கேட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு. 2024ல் அதை எழுதியவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். அதில் தேறியவர்களை பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்களையும், வேலை பார்த்த அனுபவத்தையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். பல இடங்களில் ஒரு சிறு கட்டுரையும் எழுதச் சொல்வார்கள். பிறகு இரண்டு மூன்று பேராசிரியர்கள் முன்னால் கால் மணி முதல் அரை மணி நேரம். பிள்ளையின் இரண்டு ஆண்டு உழைப்பு அந்த அரை மணியில் கரையும், அல்லது கரையேறும்.

என் மருமகன் எழுத்துத் தேர்வில் 98 பெர்சன்டைல் வாங்கினான். அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 98 பேரை முந்தியவன். அழைப்பும் வந்தது. "மாமா, நீங்கதான் என்னைத் தயார் பண்ணணும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நாற்பது கேள்விகளும் அவற்றுக்குப் பதில்களும் என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். 'ஏன் எம்.பி.ஏ.?' என்ற கேள்விக்குத் தலைமைப் பண்பு, கூட்டு முயற்சி, நாட்டு முன்னேற்றம் எல்லாம் வரும்படி எட்டு வரி. 'உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு, 2005ல் சங்க மலருக்கு நான் எழுதிய கரக்பூர் அறிமுகத்தையே எடுத்துப் போட்டேன். பையன் ஒரு மாதம் நெட்டுருப் போட்டான்.

அங்கே போய், "எங்கள் கரக்பூரில்தான் உலகிலேயே மிக நீளமான ரயில் நடைமேடை இருக்கிறது" என்று கம்பீரமாகச் சொல்லியிருக்கிறான். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது எப்போதோ மாறிவிட்டதே, தம்பி" என்றாராம். உண்மைதான். நம்முடையது 1072 மீட்டர். 2013ல் கோரக்பூர் 1366 மீட்டரோடு முந்தியது. 2023ல் ஹூப்ளி 1507 மீட்டரோடு அதையும் முந்திவிட்டது. 38 வருஷம் ரயில்வேயில் சம்பளம் வாங்கிய எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பழைய பெருமையைப் பேனா தானாகவே எழுதிவிட்டது.

தப்பு அதோடு முடியவில்லை. "சரி, இவ்வளவு நீளம் எதற்கு? அதனால் என்ன லாபம்?" என்று அடுத்த கேள்வி. பையன் வாயடைத்துப் போய்விட்டான். நான்கு வருஷம் தினமும் அதே நடைமேடையில் வண்டி ஏறிக் கல்லூரிக்குப் போனவன்! முன்னும் பின்னுமாக இரண்டு வண்டிகள் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன்! தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் அவன் தேடியது கண்ணில் பதிந்ததை அல்ல, என் நோட்டுப் புத்தகத்தை. அதில் அந்தப் பதில் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே அடியை நான் ஒருமுறை வாங்கியவன். நான் டிப்ளமோ படித்து, இருப்புப் பாதை மேற்பார்வைக்கு வந்தவன்; பி.டபிள்யூ.ஐ. என்று அந்நாளில் சொல்வார்கள். தொண்ணூறுகளில் அதிகாரி பதவிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். "உங்கள் பகுதியில் தண்டவாளம் உடைந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் ஓர் அதிகாரி. நான் விதிமுறைப் புத்தகத்தைப் பத்தி பத்தியாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் புத்தகம் என் அலமாரியிலும் இருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றார். ஜனவரிக் குளிரில் தண்டவாளம் சுருங்கி உடைந்ததும், ரோந்துக்காரர் ஓடி வந்து எழுப்பியதும், ஃபிஷ்பிளேட்டும் கிளாம்பும் போட்டு முதல் வண்டியை நிறுத்தி, ஊர்ந்து போக விட்டதும் என் நெஞ்சில் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த முறை எனக்குத் தேர்ச்சி இல்லை. அடுத்த முறை புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, என் பகுதியை மனதில் வைத்துக்கொண்டு போனேன்; தேறினேன். பட்டும் புத்தி வராமல், அதே புத்தகத்தை மருமகன் கையில் திணித்திருக்கிறேன்.

இந்த ஆண்டு எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. அப்பா ரயில்வே பணிமனையில் தொழிலாளியாக இருந்து காலமானவர். "மாமா, எனக்கும் கேள்வி பதில் எழுதித் தாங்க" என்றாள். "எழுதித் தர மாட்டேன், உட்கார்ந்து பேசுவோம்" என்றேன். அவள் நிரப்பிய விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது.

அந்த அம்மாளை எங்கள் பகுதியில் அறியாதவர் கிடையாது. இட்லி மாவு அரைத்து விற்றே மகளைப் படிக்க வைத்தவர். "ஏம்மா இப்படி எழுதினாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மாவு விக்கிறாங்கன்னு அங்கே எப்படி மாமா சொல்றது?" என்றாள்.

நான் விடவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறப் போடுகிறீர்கள்? "12 கிலோ அரிசி, 3 கிலோ உளுந்து. மாவு சுமார் 36 கிலோ வரும்." மிஞ்சினால்? "வெயில் காலத்தில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் 9 கிலோ அரிசிதான் போடுவோம்." குளிர்காலத்தில்? "டிசம்பர், ஜனவரியில் மாவு லேசில் பொங்காது. முதல் நாள் மத்தியானமே அரைத்துவிட வேண்டும்." கடன்? "சம்பளத் தேதி வரை பதினெட்டு வீடுகளுக்கு. எட்டாம் வகுப்பிலிருந்து நோட்டு நான்தான் எழுதுகிறேன்." உளுந்து விலை ஏறினால்? "மாவு விலையை ஏற்ற மாட்டோம் மாமா. ஏற்றினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் லாபத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிப்போம்."

நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சரக்கு இருப்பு, பருவத்துக்கு ஏற்ற உற்பத்தி, கடன் வசூல், விலை நிர்ணயம், போட்டி. நிர்வாகக் கல்லூரியில் பெரிய பெயர் வைத்துச் சொல்லித் தரும் பாடங்களின் அரிச்சுவடி அத்தனையும் அந்தப் பெண்ணின் அடுக்களையில் இருக்கிறது. வியாபாரம் படிக்கப் போகிறவள், தன் வீட்டு வியாபாரத்தையே மறைத்துவிட்டுப் போகப் பார்த்தாள்! "இல்லத்தரசி என்று எழுதியதை அவர்கள் கேட்டால், வெட்கப்பட்டு அப்படி எழுதிவிட்டேன் என்று உண்மையைச் சொல். பிறகு மாவுக் கணக்கைச் சொல்" என்றேன்.

வள்ளுவர் 'அவையறிதல்' என்ற அதிகாரத்தை முன்னே வைத்து, 'அவையஞ்சாமை'யை அடுத்து வைத்தார். நாமோ அறிதலை விட்டுவிட்டு, அஞ்சாமைக்கு மட்டும் பயிற்சி தேடி ஓடுகிறோம். கோட்டு, டை, கை குலுக்கும் விதம், புன்னகை என்று சொல்லிக் கொடுக்கக் கட்டணம் வாங்கும் இடங்கள் பெருகிவிட்டன. எதிரில் இருக்கும் பேராசிரியர்கள் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பவர்கள். ஒரே பதிலை ஒரே நாளில் பத்து முறை கேட்டு அலுத்தவர்கள். அவர்கள் தேடுவது இந்தப் பிள்ளை தான் செய்ததை, பார்த்ததை யோசித்துப் பார்த்திருக்கிறதா என்பதைத்தான்.

ஆகவே என் அனுபவத்தில் தயாரிப்பு என்பது இவ்வளவே. விண்ணப்பத்தின் நகலை எதிரில் வைத்து, எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் யாராவது நாலு கேள்வி கேட்க வேண்டும். பட்டப் படிப்பில் பிடித்த இரண்டு பாடங்களை அடிப்படையிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். வேலை பார்த்திருந்தால், அந்த நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தினசரியை விடாமல் படிக்க வேண்டும். 2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1ல் வருகிறது. நேர்முகத் தேர்வுக் காலமும் அதுதான். ரயில்வே பிள்ளை என்றால், 1924 முதல் தனியாக வந்த ரயில்வே பட்ஜெட்டை அதே 2017ல் பொது பட்ஜெட்டோடு ஏன் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். தமிழ் தெரியும் என்று எழுதினால் தமிழைப் பற்றியும் கேட்கலாம். நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வருஷம் படிப்பு விட்டுப்போயிருந்தால் மழுப்பாமல் காரணம் சொல்ல வேண்டும். தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லை என் நோட்டுப் புத்தகத்தில் நான் எழுத மறந்தேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பிப்ரவரி, மார்ச் ஞாயிற்றுக்கிழமைகளில் நமது மண்டபம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மேஜை, நாலு நாற்காலி போடுங்கள். நம்மில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் இருக்கிறார், ஆசிரியைகள் இருக்கிறார்கள், பணிமனை ஃபோர்மன் இருக்கிறார். மூன்று பேர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையை அந்தப் பக்கம் உட்கார வைத்து, ஆங்கிலத்திலேயே அரை மணி பேசுவோம். தெலுங்குப் பிள்ளைகளும் வங்காளிப் பிள்ளைகளும் வரட்டும். செலவு தேநீருக்கு மட்டும்தான். 'பெரிய படிப்பாளிகள் முன்னால் டிப்ளமோக்காரன் என்ன சொல்லித் தருவது?' என்று நானும் ஒரு காலத்தில் கூசினேன். 2017ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை ஐ.ஐ.எம்.கள் கொடுத்து வந்ததும் முதுநிலை டிப்ளமோதான் என்று தெரிந்த பிறகு கூச்சம் போய்விட்டது!

அந்தப் பெண்ணுக்கு இரண்டு இடங்களில் கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது. என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு நிமிஷம் மாவைப் பற்றியே பேசினார்களாம். என் மருமகன் இந்த நவம்பரில் மறுபடியும் எழுதுகிறான். நோட்டுப் புத்தகத்தை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவன் இப்போது மாலை வேளைகளில் நம் நடைமேடையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறான்.

பொன்னாடையைக் குறை சொல்லவில்லை. கடைசி வரிசைக்கும் ஒரு நாற்காலி முன்னால் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.