திரையில் என்ன பணி கொடுக்கிறோம்?

மெய்நிகர் கருவிகளை மறுவாழ்வுச் சிகிச்சையில் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதிக்கும்போது, 2016-இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். கனடாவின் குஸ்தாவோ சபோஸ்னிக் குழு, பக்கவாதம் வந்து மூன்று மாதம் கடக்காத 141 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு நின்டென்டோ வீ என்ற திரை விளையாட்டுக் கருவியில் விளையாடியது. மற்றது சீட்டு, பிங்கோ, ஜெங்கா, பந்து ஆகியவற்றை விளையாடியது. இரண்டு வாரத்தில் தலா பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரு குழுவினரின் கைத்திறனும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் முன்னேறியது. அதாவது, கைக்கு வேலை கொடுத்ததே பலன் தந்தது, திரை தனியாக எதையும் கூட்டவில்லை. இதில் வியப்பும் இல்லை. முழங்கையை நீட்டாமல் மணிக்கட்டை வெடுக்கென்று அசைத்தாலும், உடலை முன்னே சாய்த்தாலும் அந்த விளையாட்டு புள்ளி தந்துவிடும். நாம் தடுக்கப் பாடுபடும் ஈடுகட்டும் அசைவுக்கே அது பரிசளிக்கிறது.

இஸ்ரேலின் அனத் மிரெல்மன் குழு ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வேறு. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது விழுந்த 302 முதியவர்கள், வாரம் மூன்று முறை, ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். அவர்களில் ஒரு குழுவுக்கு மட்டும் எதிரே ஒரு திரை. நடப்பவரின் பாதங்களே அதில் தெரியும். வழியில் தடைகள் வரும். பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனத்தைச் சிதறடிக்கும் காட்சிகளும் குறுக்கிடும். பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் இந்தக் குழுவில் விழும் எண்ணிக்கை ஆளுக்குச் சராசரியாக 11.9-இலிருந்து 6.0 ஆகக் குறைந்தது. வெறும் டிரெட்மில் குழுவில் அது 10.7-இலிருந்து 8.3 ஆனது, புள்ளியியல்படி அது உறுதியான மாற்றமல்ல. இரு குழுவும் நடந்தது ஒரே இயந்திரத்தில்தான். நடந்துகொண்டே யோசிக்க வேண்டிய கட்டாயம்தான் வேறுபாட்டை உண்டாக்கியது. விழும் ஆபத்து உள்ள ஒருவரைக் காலில் இடறும் தடைகளுக்கு நடுவே நிஜமாக நடக்கவிட நமக்குத் துணிவு வராது. திரையில் அது முடிகிறது. மெய்நிகருக்கு நம் துறையில் உரிய இடம் இதுவே: உடலுக்கும் அறிவாற்றலுக்கும் ஒரே நேரத்தில் வேலை தரும், சிகிச்சை அறையில் பத்திரமாகத் தர முடியாத பணி.

நோயாளிகள் ஆர்வத்தோடு கூடுதல் நேரம் பயிற்சி செய்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 72 ஆய்வுகளைத் திரட்டிய 2017 காக்ரேன் மதிப்பாய்வும், பக்கவாத நோயாளிகளுக்கு மெய்நிகர் பயிற்சியை வழக்கமான சிகிச்சையின் இடத்தில் வைத்தபோது கைத்திறனுக்குத் தெளிவான கூடுதல் பலனைக் காணவில்லை. அதற்கு மேலதிகமாகச் சேர்த்தபோது கண்டது. ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தைச் சீட்டுக்கட்டாலும் தரலாம் என்று முதல் ஆய்வு காட்டிவிட்டது. சிறிய மருத்துவமனைகள் விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. வாங்கியவர்களும் சிகிச்சையாளரின் நேரத்தை மிச்சப்படுத்தக் கருவியின் முன் நோயாளியைத் தனியே உட்காரவைத்துவிடக் கூடாது. ஈடுகட்டும் அசைவைக் கண்டு திருத்த ஆள் வேண்டும்.

இனி இந்த இதழுக்கு மெய்நிகர் ஆய்வுகளை அனுப்புவோர், ஒப்பீட்டுக் குழு என்ன செய்தது, எத்தனை நிமிடம் செய்தது, எத்தனை முறை கை அசைந்தது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். திரையில் எடுத்த புள்ளிகளை முதன்மை முடிவாக ஏற்க மாட்டோம். சட்டைப் பொத்தான் போட முடிந்ததா, வீட்டில் விழுவது குறைந்ததா என்பதை அளந்து அனுப்புங்கள்.