கருவிக்குக் கிடைக்கும் சிரத்தை

மாத்திரையில் சொல்லிய அளவு மருந்து மெய்யாகவே அடங்கியிருக்கிறதா என்று அளந்தறியும் எச்.பி.எல்.சி. என்னும் திரவ வண்ணப்பிரிகைக் கருவி இன்று மருந்துத் தொழிற்சாலைகளிலும் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் சாமானியமாகிவிட்டது. அதனுள் செலுத்தும் கரைப்பானை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, கரைந்த காற்றை நீக்கி, பாஸ்பேட் உப்புப் படிந்து பம்பின் சீல் தேய்ந்துவிடாதபடி வேலை முடிந்ததும் முதலில் நீராலும் பிறகு மெத்தனாலாலும் அலம்பி வைக்கும் சிரத்தை போற்றத்தக்கதே. ஆனால் அதே கரைப்பானின் ஆவியை நாள் முழுதும் சுவாசிக்கும் மனிதருக்கு அதில் பாதி சிரத்தையேனும் கிட்டுவதில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இக்கருவிகளில் மிகுதியாகப் புழங்குவன அசிட்டோநைட்ரைலும் மெத்தனாலும். முன்னது பாகுநிலை குறைந்தது; ஆதலால் அழுத்தத்தை ஏற்றுவதில்லை; 190 நானோமீட்டர் வரையில் புற ஊதா ஒளியையும் மறைப்பதில்லை. பரிசோதகர் அதை நாடுவது நியாயமே. எனினும், உடலினுள் புகுந்த பின் அது சிறுகச் சிறுகச் சயனைடாக மாறுகிறது என்பதையும், அம்மாற்றம் மந்தமாக நிகழ்வதால் தலைவலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்து, அவர் வீடு சேர்ந்த பிறகுகூடத் தோன்றலாம் என்பதையும், நாம் கவசமென நம்பி அணியும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அது சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும் என்பதையும் மாணவருக்கு முதல் நாளே சொல்லியாக வேண்டும். மெத்தனாலோ கண் பார்வையையே பறிக்க வல்ல விஷம். மேலும் முன்னது 2 டிகிரி செல்சியஸிலும் பின்னது 11 டிகிரியிலுமே தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்புவன. ஆதலால் குளிரூட்டிய அறையிலும் அபாயம் நீங்குவதில்லை.

இவற்றுள் எதை எவ்வளவு வாங்குவது என்பதைப் பெரும்பாலும் பழக்கமே தீர்மானிக்கிறது. அசிட்டோநைட்ரைல் என்பது அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பில் கிடைக்கும் உபபொருள். 2008-ஆம் ஆண்டில் பொருளாதார மந்தத்தால் அத்தொழில் சுருங்கியது; பெய்ஜிங் ஒலிம்பிக்கை முன்னிட்டுச் சீனத்தில் ஆலைகள் நிறுத்தப்பட்டன; ஐக் புயல் டெக்ஸாஸைத் தாக்கிற்று. உலகெங்கும் அக்கரைப்பான் கிடைக்காமற்போகவே, அதுவன்றி வேலை நடவாது என்றிருந்த பல ஆய்வுக்கூடங்கள் மெத்தனாலுக்கு மாறின. குறுகிய பிரிகைக் குழாய்களையும் நாடின. 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நிமிஷத்துக்கு 1 மில்லிலிட்டர் வீதம் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் செலவாகுமெனில், 2.1 மில்லிமீட்டர் குழாய்க்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பஞ்சம் கற்பித்த இச்சிக்கனத்தைப் பஞ்சம் தீர்ந்த பிறகும் கைக்கொண்டிருந்தால், அத்தனை ஆவியும் குறைந்திருக்கும்.

கழிவின் கதி இன்னும் மோசம். மேஜைக்கடியில் வாய் திறந்த புட்டியில் சொட்டும் கரைப்பானின் ஆவி, காற்றினும் கனமானதாகையால் தரையோரம் தேங்குகிறது. குளோரின் கலந்த கழிவு வேறு, கலவாதது வேறு என்று பிரிக்காமலும், நைட்ரிக் அமிலத்தை அதே புட்டியில் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும் என்று எச்சரிக்காமலும், எல்லாவற்றையும் ஒன்றாக நிரப்பி, ஆங்கில எழுத்தறியாத உதவியாளர் கையில் கேனைத் தூக்கிக் கொடுத்தல் பெரும் அநீதி. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி மூடியின் விலை, பழுதான ஒரு பிரிகைக் குழாயை மாற்றும் செலவினும் குறைவே. கருவி வாங்க நிதி வழங்குவோர் அம்மூடிக்கும், தக்க காற்றோட்டத்துக்கும், ஒவ்வொரு கழிவுக் கேனிலும் ஒட்டத்தக்க தமிழ் எச்சரிக்கைச் சீட்டுக்கும் அதே மதிப்பீட்டில் இடம் ஒதுக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும். ஒதுக்காத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.