இனிஷியலை மட்டும் நம்பாதீர்கள்

பி.எச்டி. படிப்பவர்கள், படிக்கப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எஸ்.சந்திரசேகர் யார் என்றால் 1983இல் நோபல் பரிசு வாங்கியவர் என்பீர்கள். சரிதான். ஆனால் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஒரு எஸ்.சந்திரசேகர் இருந்தார். திரவப் படிக ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். முன்னவர் சுப்ரமணியன் சந்திரசேகர், பின்னவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இருவருக்கும் துறை இயற்பியல். இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. இன்னும் கேளுங்கள், சர் சி.வி.ராமனுக்கு ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன்! ஒரே குடும்பத்துக்குள் இப்படி என்றால், நம் போடியில் எத்தனை எம்.முருகன், எத்தனை எஸ்.மகாலட்சுமி?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டு ஆய்விதழ் 'கடைசிப் பெயர்' என்று கேட்கும் இடத்தில் அப்பா பெயரைப் போடுகிறோம். கட்டுரை அப்பா பெயரில் போய் நிற்கிறது. பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் இனிஷியலே மாறிவிடுகிறது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா, தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுத்துத்தான் மகளைப் படிக்கவைத்தார். அந்தப் பெண்ணை ஒரு கல்லூரி நேர்காணலில், "இந்த நாலு கட்டுரையும் உங்களுடையதுதானா, பெயர் வேறாக இருக்கிறதே" என்று கேட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நான்கும் கல்யாணத்துக்கு முன் எழுதியவை.

இதற்குத்தான் ஆர்க்கிட் என்று ஒரு எண் இருக்கிறது. (பூ இல்லை!) 2012 அக்டோபரில் தொடங்கியது. 16 இலக்கம், சிலருக்குக் கடைசியில் எக்ஸ் எழுத்து வரும். லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு தருகிறது, ஆய்வாளருக்குக் காசு கிடையாது. பள்ளி மாறினாலும் பிள்ளையோடு கூடவே போகிறதே எமிஸ் எண், அதுபோலத்தான். ஊர், வேலை, இனிஷியல் எது மாறினாலும் இது மாறாது. ஏல மையத்தில் காயை லாட் நம்பர் வைத்துத்தானே அடையாளம் சொல்கிறோம்?

கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்று தனி எண் உண்டு. இதழின் இணைய முகவரி மாறினாலும், பதிப்பாளர் புது முகவரியைப் பதிந்துவைத்தால் அந்த எண் வழியாகக் கட்டுரையைப் பிடித்துவிடலாம். ஆனால் டி.ஓ.ஐ. இருப்பதாலேயே இதழ் தரமானது என்று எண்ணிவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் அதை வாங்கி ஒட்டிக்கொள்கின்றன.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பல கல்லூரிகளில் இந்த எண்ணைப் படிவம் நிரப்ப மட்டும் கேட்கிறார்கள். பிள்ளைகளும் அவசரமாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கட்டுரையைக்கூடச் சேர்க்காமல் கடவுச்சொல்லையும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த கல்லூரியில் இன்னொன்று! ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் பழைய குழப்பம்தானே?

அதனால் முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்குங்கள். கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் கொடுங்கள், வேலை மாறினால் கல்லூரி முகவரி போய்விடும். பழைய இனிஷியல், தமிழில் எழுதும் பெயர் எல்லாம் சேர்க்க அதில் இடம் இருக்கிறது. இரண்டு எண் வைத்திருப்பவர்கள் ஒன்றாக்கிக்கொள்ளலாம். புரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எனக்குத் தெரியாததைப் பேத்தி சொல்லித்தருவாள்.