விருது வாங்கிய கம்பெனியும் வயர் வராத தெருவும்

2017 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் ஒரு விருதுக்காகச் சண்டை போட்டுக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். ஊக்லா என்ற அமெரிக்க நிறுவனம், தன் ஸ்பீட்டெஸ்ட் செயலியில் மக்கள் நடத்திய சோதனைகளைக் கூட்டிக் கழித்து, இந்தியாவின் வேகமான மொபைல் நெட்வொர்க் ஏர்டெல்தான் என்று விருது கொடுத்தது. ஏர்டெல் அதை வைத்து, 'அதிகாரப்பூர்வமாக' நாங்களே வேகமானவர்கள் என்று டிவியில் விளம்பரம் போட்டது. யார் கொடுத்த அதிகாரம் என்று ஜியோ கேட்டது. புகார் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலுக்குப் போனது. விளம்பரம் மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது, திருத்துங்கள் அல்லது நிறுத்துங்கள் என்று கவுன்சில் சொன்னது. (இந்தக் கவுன்சிலும் அரசு அமைப்பு அல்ல. விளம்பரத்தால் பிழைக்கும் துறையினர் 1985இல் தங்களுக்குள் அமைத்துக்கொண்டது.)

ஜியோ சொன்ன காரணங்களில் ஒன்று வேடிக்கையானது, ஆனால் யோசிக்க வேண்டியது. அந்த நாட்களில் நம் ஆட்களில் பாதிப் பேர் பழைய நம்பரை முதல் சிம்மாகவும், இலவச டேட்டாவுக்காக ஜியோவை இரண்டாவது சிம்மாகவும் போட்டிருந்தார்கள். ஜியோ டேட்டாவில் ஓடிய சோதனை முதல் சிம் கம்பெனியின் பெயரில் பதிவாகிவிடுகிறது என்றது ஜியோ. ஊக்லா இதை ஏற்கவில்லை, எங்கள் கணக்கு சரிதான் என்றது. அதே காலத்தில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் மைஸ்பீட் செயலி ஜியோவை முதலிடத்தில் காட்டியது. ஓப்பன்சிக்னல் என்ற இன்னொரு நிறுவனமோ 4ஜி வேகத்தில் ஏர்டெல் முதல், 4ஜி கிடைப்பதில் ஜியோ முதல் என்றது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே மாதங்கள், மூன்று அளவுகோல். எந்தக் கோலை எடுக்கிறோமோ அதற்கேற்ற வெற்றியாளர்.

இந்தச் சண்டை முழுவதிலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறாரா?

வேகத்தை அளப்பதே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. லட்சக்கணக்கான சோதனைகளிலிருந்து எடுத்த சராசரிக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் வேகம் வேறு, திருப்தி வேறு. நல்ல நாளில் நெட் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கெட்ட நாளில் எத்தனை நாள் கழித்து ஆள் வந்தான் என்பதுதான் மனதில் நிற்கிறது. அதற்கு விருது இல்லை.

தொழில்துறை விருதுகள் பலவற்றின் ஏற்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போட்டியில் கலந்துகொள்ள நுழைவுக் கட்டணம், விழாவுக்கு ஸ்பான்சர், சாப்பாட்டு மேசைக்குத் தனி விலை. சில சமயம் ஸ்பான்சரும் போட்டியாளரும் ஒரே குடும்பம். ஜே.டி. பவர் போன்றவை உண்மையாகவே வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்கின்றன. ஆனால் அந்த விருதை விளம்பரத்தில் போட, ஜெயித்த கம்பெனி உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். விருது கொடுப்பவருக்கு ஜெயித்தவரே வாடிக்கையாளர் என்று ஆகிவிடுகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு போட்டி நடந்ததுண்டு. அமெரிக்காவில் கன்ஸ்யூமரிஸ்ட் என்ற வலைத்தளம் வாசகர் வாக்கெடுப்பில் 'நாட்டின் மிக மோசமான கம்பெனி'யைத் தேர்ந்தெடுத்தது. காம்காஸ்ட் என்ற கேபிள், இணையக் கம்பெனி 2010, 2014 இரண்டு முறையும் அதை வென்றது. அந்தப் பட்டத்தை எந்தப் பேனரிலும் யாரும் அச்சடிக்கவில்லை.

சரி, கம்பெனிகளே எடுக்கும் திருப்திக் கணக்கு எப்படி உருவாகிறது? திருவண்ணாமலையில் வயர் போட்ட வீடுகளைக் கேட்டால் தெரியும். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் புகார் எண் வரும். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும், விளக்கு மட்டும் சிவப்பாகவே இருக்கும். ஒருவழியாகத் தம்பி ஒருவர் ஏணியோடு வருவார். ஃபைபரை ஒட்டுவார், விளக்கு பச்சையாகும். ஓடிபி கேட்பார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணா, மெசேஜ் வரும், அஞ்சு ஸ்டார் போட்டுடுங்கண்ணா. இல்லன்னா என் சம்பளத்துல கை வெச்சுடுவாங்க" என்பார். வெயிலில் போஸ்ட் ஏறி இறங்கிய காண்டிராக்ட் தொழிலாளி அவர். பல ஊர்களில் அவரும் நம் தெருப் பிள்ளைதான். அவருக்கு எப்படி ஒரு ஸ்டார் போடுவது? ஐந்து போடுகிறோம். அந்த ஐந்து அவருக்கானது. அது கம்பெனியின் கணக்கில் கம்பெனிக்கான ஐந்தாக ஏறுகிறது.

இன்னொன்று, வெறுத்துப்போய் இணைப்பைத் துண்டித்துக்கொண்டவரிடம் யாரும் ஸ்டார் கேட்பதில்லை. இருப்பவரிடம் மட்டும் கேட்டால் திருப்தி கூடத்தான் செய்யும்.

அமர்த்தியா சென் ஒன்றைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். நீண்ட காலம் இல்லாமையில் வாழ்ந்தவர்கள் தங்கள் ஆசைகளைக் கிடைப்பதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே 'திருப்தியா?' என்ற கேள்வியை வைத்து அவர்கள் நிலையை அளக்க முடியாது என்பது அதன் சாரம். எங்கள் களப்பணியில் இதைத் தினமும் பார்க்கிறோம். நகரத்தில் ஃபிளாட்டில் இருப்பவர் பத்து நிமிடம் நெட் போனால் ட்விட்டரில் கம்பெனியைக் கிழிக்கிறார். காலனியில் நாலு நாள் போனாலும், "பரவால்லீங்க, முன்னாடி இதுகூட இல்லையே" என்கிறார்கள். கணக்கெடுப்பில் இரண்டாமவர்தான் அதிகத் திருப்தியான வாடிக்கையாளர்!

இதுவரை சொன்னது வாடிக்கையாளர்களைப் பற்றி. வாடிக்கையாளராகவே ஆக முடியாதவர்கள் இருக்கிறார்கள், எங்கள் கவலை அங்கேதான்.

2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புறக் குடும்பங்களில் 14.9 சதவீதத்துக்கே இணைய வசதி இருந்தது, நகர்ப்புறத்தில் 42 சதவீதம். அதற்குப் பிறகு செல்போன் டேட்டா பரவிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் கொரோனாக் காலத்தில், 2021 ஆகஸ்டில், ஜீன் டிரீஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்களில், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடியிருப்புகளில் எடுத்த பள்ளிக்கல்வி ஆய்வு என்ன சொன்னது? கிராமப்புறக் குழந்தைகளில் 8 சதவீதம் பேரே ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தார்கள். தலித், பழங்குடிக் குழந்தைகளில் அதைவிடவும் குறைவு. அந்த ஆண்டுகளிலும் கம்பெனிகள் விருது வாங்கிக்கொண்டுதான் இருந்தன.

காலனிக்கு வயர் வராமல் போக யாரும் தீண்டாமைச் சட்டம் போடத் தேவையில்லை. கடைசி நீட்டத்துக்கு வயர் இழுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர். அவர் வியாபாரி, எத்தனை இணைப்பு தேறும் என்று பார்ப்பார். ஊர்த் தெருவில் நாற்பது வீடு தேறினால் அங்கே பெட்டி வைப்பார். ஊர் எல்லைக்கும் காலனிக்கும் நடுவே அரை கிலோமீட்டர் வயல் கிடக்கும். அந்த அரை கிலோமீட்டர் எப்படி வந்தது என்று சமூகவியல் படித்தவர்களாகிய நாங்கள் விளக்கத் தேவையில்லை, வாசகர்களுக்கே தெரியும். "அங்க போஸ்ட் இல்லீங்க, ரெண்டு வீட்டுக்காக இழுத்தா கட்டுப்படியாகாது" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. தாத்தா காலத்தில் சாதி போட்ட இடைவெளிக்கு, பேரன் காலத்தில் வியாபாரம் காரணம் சொல்கிறது.

அரசுக் கணக்கிலும் இதே சிக்கல்தான். எல்லாக் கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம், இன்று பாரத்நெட் என்று அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள், நம் மாவட்டத்தில் 860. இழை ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து பெட்டி மாட்டிவிட்டால் அந்த ஊராட்சி 'சேவைக்குத் தயார்'. ஊராட்சி என்பது ஒரு கட்டடம் அல்லவே. ஊர், காலனி, இருளர் குடியிருப்பு, நாலைந்து குக்கிராமம் எல்லாம் சேர்ந்ததுதான் ஊராட்சி. ஜவ்வாது மலையில் அவை ஒன்றுக்கொன்று மலைமடிப்பு தாண்டிக் கிடக்கின்றன. மகாடு சவுதார் குளத்தையும் 1924லேயே நகராட்சி தீர்மானம் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போக வேண்டியிருந்தது. 'சேவைக்குத் தயார்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

நெட் ஒரு சொகுசு, அதற்குப் போய் உரிமை பேசுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாளில் இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லை, வேலை செய்தும் கூலி வரவில்லை என்ற புகார்கள் நாடெங்கும் கிளம்பின. ஏரிக்கரையில் மண் வெட்டும் அக்கா எந்த பிராட்பேண்ட் கம்பெனிக்கும் வாடிக்கையாளர் அல்ல. அவரை எந்தச் சர்வேயும் கூப்பிட்டுக் கேட்காது. ஆனால் கம்பெனியின் கோபுரம் சரியில்லாததற்குக் கூலியை இழப்பவர் அவர். ரேஷன் கடை விரல்ரேகை, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் இதே வழிதான். 2019இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தது.

டிராய் 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சேவைத்தர விதிகள் முன்பைவிட நல்லவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மொபைல் கம்பெனிகள் சேவைப் பரப்பு வரைபடத்தை வெளியிட வேண்டும். வயர் இணைப்பில் பழுது மூன்று நாளுக்குமேல் நீடித்தால் வாடகைத் தள்ளுபடி தர வேண்டும். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்குமேல் நெட்வொர்க் முடங்கினால் இழப்பீடு உண்டு. எங்களுக்கு உறுத்துவது அந்த 'மாவட்டம்' என்ற சொல். செங்கம் பக்கம் ஒரு காலனிக்கு சிக்னல் தரும் ஒரே கோபுரம் பத்து நாள் படுத்தால் அது மாவட்ட முடக்கமா? கார்த்திகை தீபத்துக்கு எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நடமாடும் கோபுரம் வரை பேசுகிறார்கள். நல்லதுதான், கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் போன் வேலை செய்ய வேண்டும். அந்தக் கணக்குப் போடும் திறமை மற்ற 364 நாளும் எங்கே போகிறது?

மூன்று நாள் விதி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிட்டோம். நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒன்பது நாள் சிவப்பு விளக்கு எரிந்தது. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். தள்ளுபடி தானாக வரவில்லை. விதி இருப்பதைச் சொல்லிக் கேட்டபோது, கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணுக்கே அப்படி ஒரு விதி இருப்பது தெரியவில்லை. டிராயிடம் நேரடியாகத் தனிநபர் புகார் கொடுக்கவும் முடியாது. முதலில் கம்பெனியின் புகார் மையம், பிறகு கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. அடித்தவனிடமே முதல் முறையீடும் இரண்டாம் முறையீடும்.

பிரிட்டனில் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு காலாண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஒரு லட்சம் வாடிக்கையாளருக்கு எத்தனை புகார், எந்தக் கம்பெனி மேல் என்று பெயர் போட்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள கம்பெனிகளின் இணைப்பு பழுதானால், வாடிக்கையாளர் கேட்காமலேயே இழப்பீடு தரும் முறை 2019 ஏப்ரலில் அங்கே தொடங்கியது. அங்கேயும் விருது விழாக்கள் நடக்கின்றன, நடக்கட்டும். பக்கத்திலேயே புகார்ப் பட்டியலும் இருப்பதால் இரண்டையும் மக்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இங்கே நாங்கள் கேட்பது அந்தப் பட்டியலை மாவட்டத்தோடு நிறுத்தாமல் ஊராட்சி, அதற்குள் குடியிருப்பு வரை பிரித்து வெளியிட வேண்டும் என்பதைத்தான். எந்தக் குடியிருப்பில் இணைப்பு இருக்கிறது, எத்தனை புகார், எத்தனை நாளில் தீர்ந்தது, இணைப்பு கேட்டும் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். கடைசியாகச் சொன்னது முக்கியம். மறுக்கப்பட்டவரின் எண்ணிக்கையை இன்று எந்தக் கம்பெனியும் வெளியே சொல்வதில்லை.

எங்கள் மையத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். நெட் போன தேதி, நேரம், புகார் எண், ஆள் வந்த தேதி. பிள்ளைகளே எழுதுகிறார்கள். மாவட்டத்தில் வேறு எங்கெல்லாம் இரவுப் பள்ளி, படிப்பகம் நடத்துகிறீர்களோ, நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் ஊரில் வயர் எந்தப் போஸ்டோடு நிற்கிறது, அங்கிருந்து காலனி எத்தனை அடி என்று அளந்து எழுதி வையுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது எல்லா நோட்டையும் சேர்த்துக் கொண்டுபோவோம்.