படத்தில் சலங்கை, பட்டினியில் மிருதங்கம்!

சிஞ்ச்வட் ராம்கிருஷ்ண மோரே நாடக அரங்கு போன்ற இடங்களில் சலங்கைச் சத்தம் கேட்காத காலம் ஒன்று இருந்தது. கொரோனா பரவியதால் 2020 மார்ச்சில் அரங்குகளை மூடும்படி மராட்டிய அரசு உத்தரவிட்டது. நவம்பர் 5-ந் தேதி, பாதி இருக்கைகளுடன் திறக்க அனுமதி வந்தது. 2021 ஏப்ரலில் மறுபடியும் பூட்டு. அக்டோபர் 22-ந் தேதிதான் மீண்டும் திறப்பு. 19 மாதங்களில் 5 மாதம்தான் மேடைக்கு உயிர்.

மேடை போனால் ஆட்டமும் போய்விடுமா? போகவில்லை. கைபேசிக்குள் புகுந்துகொண்டது. கூடத்திலும் மொட்டை மாடியிலும் ஆடி நாட்டியக் குறும்படம் எடுத்தார்கள். அது லேசான வேலை அல்ல. வீடியோ அழைப்பில் தாளம் பிந்தி வரும். நட்டுவாங்கம் ஒரு பக்கம், காலடி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஆகவே பாட்டை முதலிலேயே பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அவரவர் வீட்டில் ஆடிய படங்களை ஒருவர் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். ஒரு வீட்டில் வெயில், இன்னொரு வீட்டில் டியூப் லைட். அடவு போடும் காலே படத்தில் விழாமல் போவதும் உண்டு! ஜூலை 13 நள்ளிரவு முதல் 23 வரை புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் முழு ஊரடங்கு. அப்போது கேமராவோடு தெருவில் இறங்க முடியுமா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மன் நாட்டியக் கலைஞர் பினா பவுஷ் அமைத்த ஆட்டம் ஒன்றை, 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள் செனகல் நாட்டில் அரங்கேற்ற இருந்தார்கள். 2020 மார்ச்சில் தடை வந்தது. கலைந்து போவதற்கு முன், ஒரு மாலை வேளையில் கடற்கரை மணலிலேயே ஆடி முடித்தார்கள். அது படமாகி உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது.

பாராட்ட வேண்டிய முயற்சிகள்தான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. ஓர் அரங்கேற்றம் என்றால் மிருதங்கக்காரர், பாடுபவர், ஒப்பனைக்காரர், விளக்கு போடுபவர், மைக் செட் ஆள், திரை இழுப்பவர் என்று பத்துப் பேருக்காவது அன்றைய கூலி உண்டு. பதிவு செய்த பாட்டையோ பத்து ஆட்டத்துக்கு ஓட்டலாம். மிருதங்கக்காரருக்கு ஒரு நாள் கூலி. மீதி ஒன்பது நாளும் பட்டினி.

புனே மாவட்டத்து நாராயண்காவ், தமாஷா குழுக்களுக்குப் பேர்போன ஊர். குடிபாட்வா நெருங்கினால் கிராமத் திருவிழாவுக்கு ஆட்டம் பேசி அச்சாரம் கொடுக்க ஊர்க்காரர்கள் அங்கே வருவார்கள். தமிழ்நாட்டில் கோயில் கொடைக்குக் கரகாட்டம் பேசுவது மாதிரிதான். 2020, 2021 இரண்டு ஆண்டும் அந்தப் பருவம் பாழ். கலைஞர்களுக்கு முன்பணம் கொடுக்க வட்டிக்கு வாங்கியிருந்தவர்கள் கடனில் மூழ்கினார்கள். ஒரு லாவணியைக் கைபேசியில் எடுத்துவிடலாம். கூடாரம் அடிப்பவரும் லாரி ஓட்டுபவரும் அதற்குள் அடங்குவார்களா?

அரசு என்ன செய்தது? 2020 மே கடைசியில் படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்றது. எழுபது வயது நடிகர் ஒருவர் வழக்குப் போட்டார். ஆகஸ்டு 7-ந் தேதி பம்பாய் ஐகோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. வழக்குப் போடத் தெம்பு இருந்தவருக்கு நியாயம் கிடைத்தது. 2021 ஏப்ரலில் படப்பிடிப்பு மறுபடி நின்றபோது, பெரிய கம்பெனிகள் கோவாவுக்கும் ஐதராபாத்துக்கும் போய்விட்டன. மைக் செட் ஆள் எங்கே போவார்?

சிஞ்ச்வட்டுக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. சாபேகர் சகோதரர்களின் ஊர் இது. பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கெடுபிடிகளால் கொதித்து, 1897 ஜூன் 22-ந் தேதி அதிகாரி ராண்டைச் சுட்டவர்கள் அவர்கள். அதே 1897-ல் வெள்ளையர் போட்ட தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-லும் கைகொடுத்தது. பூட்டச் சொல்ல அதில் தாராளமாக அதிகாரம் உண்டு. நஷ்டஈடோ, 'ஏதாவது இருந்தால்' யார் கொடுப்பது என்று அரசு தீர்மானிக்கலாம் என்ற அளவில் நிற்கிறது!

2020 ஏப்ரலில் ரஜினிகாந்த், அமிதாப் பச்சன், மம்முட்டி, மோகன்லால் ஆகியோர் அவரவர் வீட்டிலிருந்தே நடித்த 'ஃபேமிலி' என்ற குறும்படம் வந்தது. திரையுலகத் தினக்கூலிக் குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கு மளிகை கொடுக்கும் திட்டத்தோடு சேர்ந்து வந்த படம். நல்ல மனதுதான். ஆனால் அது தர்மம், உரிமை அல்ல.

உரிமைக்கு மராட்டியத்திலேயே வழி இருக்கிறது. மூட்டை தூக்குபவர்களுக்காக 1969-ல் மாத்தாடி சட்டம் வந்தது. இன்று ஒரு கிடங்கு, நாளை இன்னொரு கிடங்கு என்று அலைபவர்கள் அவர்கள். வேலை வாங்குபவர் கூலியோடு ஒரு தொகையைச் சேர்த்து வாரியத்தில் கட்ட வேண்டும். அதிலிருந்து பிராவிடண்டு பண்டு, போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் கிடைக்கும். மிருதங்கக்காரரும் இன்று ஒரு மேடை, நாளை இன்னொரு மேடை என்று பிழைப்பவர்தானே? அரங்கு வாடகையோடு ஒரு சிறு தொகை வாங்கி, மேடைத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பதிவும் வாரியமும் ஏற்படுத்தினால் என்ன?

பொங்கல் விழாவுக்கே வீடு வீடாக வசூலிக்கும் தமிழ்ச் சங்கங்கள் இதை எப்படித் தாங்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பொன்னாடைக்கும் ஆளுயர மாலைக்கும் பணம் கிடைத்துவிடுகிறதே! பொன்னாடையில் இரண்டைக் குறைத்தாலே போதும். விழா நின்றுபோனாலும் மேடை ஆட்களுக்குப் பாதிக் கூலி என்று சங்கங்கள் முதலில் தங்கள் வரவு செலவுக் கணக்கில் எழுதட்டும். மாநகராட்சியிடம் போய்க் கேட்பது அதற்குப் பிறகு.